உப்புக்கறி வாளி

சுவரில்லாத எங்கள் வீட்டுக்குள் நாலு பக்கமும் காலை வெயில் நுழைகிறது. அக்கா ஏமலினா தாழம்பாய் முடைகிறாள். வாக்காளர் பட்டியலில் சற்றுமுன் கையெழுத்திட்டபோது கசிந்த நீல மை, அவள் விரலிலிருந்து ஓலையிலெல்லாம் ஒட்டுகிறது. சமோவாவில் இதுவரை குடும்பத் தலைவர்களுக்கு மட்டுமே ஓட்டு. இனி எல்லாருக்கும் உண்டு. கூடாதென்று ஊர்க்கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்தியவன், இந்தக் குடும்பத்தின் தலைவனான நான்.

“எனக்கே எனக்குன்னு ஒரு ஓட்டாம்!” சிரிக்கிறாள். “ஏன்டா தம்பி, இத்தன வருஷமா எங்க பதினாலு பேருக்கும் சேத்து நீதானே போட்டே. போன தடவ யாருக்குடா போட்டே?”

என் கையிலிருக்கும் விசிறி நின்றுபோகிறது. “நல்லவராப் பாத்துத்தான்கா போட்டேன்.”

காய்ந்த ஓலையை நனைக்க, பக்கத்திலிருக்கும் வெள்ளை வாளிக்குள் கையை விடுகிறாள். போன தேர்தலில் ஒரு வேட்பாளர் என் ஓட்டுக்காக, உப்புநீரில் ஊறிய உப்புக்கறி நிரப்பிக் கொடுத்த வாளி. சிநேகிதன் தந்ததென்று வீட்டில் சொல்லியிருந்தேன். அந்தக் கறியை வேகவைத்து, முதல் தட்டை என் முன்னால் வைத்தவள் இவள்தான்.

ஈர விரலால் வாளியின் விளிம்பைத் தட்டுகிறாள்.

“நல்லவருதான்டா. மூணு வருஷமாச்சு, வாளி இன்னும் ஒழுகலையே.”