பள்ளத்து வீட்டுப் பிள்ளை

"கீ... கீ..." என்ற கத்தல்தான் முதலில் வந்தது. அப்புறம்தான் மருதமரத்து இலைக்குள்ளிருந்து கிளி தலையை நீட்டினான். காட்டில் பிறக்கிற பிள்ளைகளின் பெயரை ஊரறியக் கூவுவது அவன் வேலை. ஒருமுறை கூவிவிட்டால் அப்புறம் மாற்ற முடியாது.

மரத்தடிப் பள்ளத்தில், தன் வளை வாசலில் சேறு பூசிக்கொண்டிருந்த நண்டம்மா நிமிர்ந்தாள். "எம் மக பேரு செவ்வந்தி. குடும்பப் பேரு பள்ளம்."

"பள்ளமா? நண்டக்கா, பெரிய ஆளுங்க குடும்பப் பேரையெல்லாம் கேட்டுப் பாருங்க. பாட்டுக்குப் பேர்போன குயிலுக்கு மலை. ஆட்டத்துல அசத்துன மயிலுக்குக் குன்று. நீச்சல்ல ஜெயிச்ச நீர்நாய்க்கு ஆறு. பள்ளம்னு எவளாச்சும் பேரெடுத்திருக்காளா? மலைன்னே கூவிடுறேன், புள்ள பொழச்சுப் போகட்டும்."

நண்டம்மாவுக்குச் சுருக்கென்றது. அவன் சொன்னதில் ஒன்றுகூடப் பொய்யில்லை. ஆனால் போன கோடையில் ஆறே வறண்டு கிடந்தபோது, அவள் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடந்தது அந்தப் பள்ளத்துத் தண்ணீரில்தான்.

"எவளும் இல்லைன்னா இவதான் மொத ஆளு," என்று கொடுக்கை உயர்த்தினாள். "இனிமே எவகிட்டயாச்சும் இந்தப் பெருமையை அளக்குறப்ப இவ பேரையும் சேர்த்துக்க. இப்பக் கூவுடா!"

"செவ்வந்தி பள்ளம்!"

காடு முழுக்கக் கேட்டது. எங்கோ யாரோ சிரித்தார்கள். நண்டம்மா அந்தப் பக்கம் திரும்பவேயில்லை. இன்னும் கொஞ்சம் சேற்றை அள்ளி வாசலில் அப்பினாள்.