வெளிச்சம் போதாத பைனாகுலர்

"இது மங்கலா இருக்கு. வேற குடுங்க," என்று வந்தவர் பைனாகுலரைத் திருப்பி நீட்டினார்.

கடைக்காரருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. லென்ஸின் மகிமை பற்றி ஓர் உபன்யாசமே நிகழ்த்திவிட்டு, அதே விலையில் இன்னொரு பைனாகுலரை நீட்டினார். "வெளிச்சத்துல இதை அடிச்சுக்க ஆளே கிடையாது சார்!"

வந்தவர் நாலாவது மாடியிலிருந்த அந்தக் கடையின் வாசலில் நின்று, எதிர் ஆஸ்பத்திரியின் அதே மாடியை மறுபடி பார்த்தார். "இதுவும் சரியில்லீங்க. வேற காட்டுங்க, புண்ணியமாப் போகும்."

கடைக்காரர் வெடுக்கென்று பிடுங்கித் தானே பார்த்தார். "என்ன சார் சரியில்ல? ஓரத்து ஜன்னல், காலிக் கட்டில், சுருட்டி வச்ச மெத்தை... அதோட தையல்கூடத் தெரியுதே!"

"உள்ள யாரையும் விடமாட்டேங்கிறாங்க. காலையில அந்தக் கட்டில்லேருந்து என் சம்சாரம் கை அசைச்சா. வெறுங்கண்ணுக்கே தெரிஞ்சாளே..."

கடைக்காரர் லென்ஸைத் துடைக்கத் தொடங்கினார்.

"ஆமா சார். மங்கல்தான்."