மூன்றாம் அங்கம்

அறுநூற்று நாற்பது யூரோ. மேடைத் தச்சன் அர்மானுக்கு வோக்லான் வைத்திருந்த கூலி பாக்கி. வோக்லான் இருபது வருடமாகத் தானே நாடகம் எழுதி, தானே இயக்கி, பிரான்சு முழுக்கக் கடன் வைத்தவர். அர்மானுக்குக் கேட்கக் கூச்சம். அதனால் மனைவி ஜினெத் தினமும் சாயங்காலம் வசூலுக்குப் போனாள். பணம் வரவில்லை, அவள் மட்டும் சிரித்துக்கொண்டே வந்தாள்.

"கடன் கேக்கப் போறவளுக்கு எதுக்குடி உதட்டுச் சாயம்?"

"அழுது வடிஞ்சுகிட்டுப் போனா மட்டும் அள்ளிக் குடுத்துடுவாரா?"

"சூப்பு ஆறிப்போற வரைக்கும் அந்தாளுகிட்ட அப்படி என்னடி பேச்சு?"

"எல்லாம் உன்னைப் பத்திதான்யா!"

அர்மான் நம்பவில்லை.

வோக்லானின் புது நாடகத்துக்கு முழு ஒத்திகை நடந்த அன்று, மேடைக்கு மேலே பரணில் நின்று திரையை இழுத்தான். கீழே நாடகத்துக் கணவன் கத்தினான்:

"கடன் கேக்கப் போறவளுக்கு எதுக்குடி உதட்டுச் சாயம்?"

பார்க்க வந்திருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். முன்வரிசையில் ஜினெத்தும்தான். அவன் வீட்டில் போட்ட சண்டையெல்லாம் வரி பிசகாமல் மேடையில் ஓடியது. இத்தனை நாள் அவள் வோக்லானிடம் உட்கார்ந்து சொன்னது இதைத்தான்.

இடைவேளையில் அர்மான் இறங்கி வந்தான். அடிக்கத்தான் வருகிறான் என்று வோக்லான் நாற்காலிக்குப் பின்னால் ஒதுங்கினார்.

"உன் பாக்கிய நாளைக்கே..."

"அது கெடக்கட்டும் ஐயா. மூணாவது அங்கத்துல அவ என்ன பண்றா?"

"பாக்கி வச்சவனோட ஓடிப்போயிடுறா."

அர்மான் தொப்பியைக் கழற்றினான்.

"அவள வீட்டுக்கு வர வைங்க ஐயா. எனக்கு அந்தப் பணமே வேண்டாம்."

வோக்லான் பேனாவை எடுத்துக் நாடகப் பிரதியின் கடைசிப் பக்கத்தில் குறுக்கே கோடு போட்டார். கடன் அதோடு தீர்ந்தது.