ரோஸி, லூஸி

திங்கள் காலை ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு, ருட்னிக் எங்கள் தோல்வியைத் திரையில் ஓடவிட்டார்.

அவர் எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியில் தடுப்பு வரிசையின் கோச். நாங்கள் ஐந்து பேர். பந்தை எறிகிற குவார்ட்டர்பேக் மேல் எதிரணி வந்து விழாமல் உடம்பால் மறிப்பதுதான் எங்கள் வேலை. ஐவரில் மூத்தவனுக்கு இருபத்து நான்கு வயது. பத்திரிகைக்காரர்கள் எங்களுக்கு வைத்த பெயர் 'பாலர் பள்ளி'.

ஞாயிற்றுக்கிழமை அறுபத்து நான்கு முறை மோதியிருந்தோம். ஒவ்வொரு மோதலுக்கும் ஆளுக்கொரு குறி. சரியாகச் செய்திருந்தால் கூட்டல், இல்லையென்றால் கழித்தல்.

"படம் பொய் சொல்லாதுடா" என்று சொல்லிக்கொண்டே பென்சிலால் போட்டுக்கொண்டு போனார்.

அறுபத்து மூன்று முடிந்தபோது, நம்ப முடியாத ஒன்று நடந்திருந்தது. பாலர் பள்ளி தேறியிருந்தது.

அதிலும் என் வலப்பக்கம் நிற்கும் லூஷஸ் பிகட்டுக்கு ஒரே ஒரு கழித்தல்.

லூஷஸ் மிசிசிப்பிக்காரன். எந்த அணியும் சீண்டாமல் விட்டு, கோடைப் பயிற்சிக்கு ஆள் குறைகிறது என்று கூப்பிடப்பட்டு, அப்படியே ஒட்டிக்கொண்டவன். நான் வேறு. கல்லூரிகளிலிருந்து ஆளெடுக்கும் நாளில் இந்த அணி முதலில் வாசித்த பெயர் என்னுடையது, நீமன். உரிமையாளர் கேமராக்கள் முன் என்னைக் கட்டிப்பிடித்திருந்தார்.

அறுபத்து நான்காவது வந்தது.

ஆட்டம் முடிய ஒரு நிமிடம். மூன்று புள்ளி பின்தங்கியிருந்தோம். எதிரணி ஆள் ஒருவன், யார் கையும் படாமல் நடு வழியே உள்ளே வந்து எங்கள் குவார்ட்டர்பேக்கைச் சாய்த்தான். பந்து எங்கோ உருண்டது. அவருடைய தோள் எலும்பு முறிந்தது.

ருட்னிக் படத்தை நிறுத்தினார். பின்னோக்கி ஓட்டினார். மறுபடி நிறுத்தினார்.

வரிசையின் நடுவில் நிற்பவன் நான். எதிரிகள் எந்தப் பக்கம் குவிகிறார்கள் என்று பார்த்து, பந்து கிளம்பும் முன் லூஷஸுக்குக் கத்த வேண்டியதும் நான்தான். வலது என்றால் ரோஸி. இடது என்றால் லூஸி.

திரையில் அந்த ஆள் வலப்பக்கம் வந்தான். நான் வலப்பக்கம் திரும்பினேன். லூஷஸ் இடப்பக்கம் திரும்பி என் தோளில் முட்டினான். அவன் விட்ட இடைவெளியில் ஒரு லாரியே போகலாம்.

எங்கள் படங்களில் ஒலி இருக்காது. அதனால் ருட்னிக் கேட்டார்.

"லூஷஸ், நீமன் உன்கிட்ட என்னய்யா கத்தினான்?"

லூஷஸ் என்னைப் பார்த்தான். அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். நான் திரையைப் பார்த்தேன்.

"தப்பாக் கேட்டுட்டேன் போல, கோச்."

"லூஸி மேல அவ்வளவு ஆசையாடா உனக்கு?" என்றான் பின்னாலிருந்து ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

மதியம் லூஷஸை மாடிக்குக் கூப்பிட்டார்கள். தோள் முறிந்ததற்கு யாராவது போயாக வேண்டும். ஐந்து நிமிடத்தில் இறங்கி வந்து, தன் பொருள்களைக் கறுப்புக் குப்பைப் பைக்குள் போட ஆரம்பித்தான். பதினாறாம் நம்பர் ஷூக்கள். ஒரு ஷூவுக்கே பை பாதி நிறைந்தது.

பக்கத்தில் போய் நின்றேன்.

"நான் லூஸின்னுதான் கத்தினேன்" என்றேன். "வாயை விட்டப்புறம்தான் அந்த ஆள் வலது பக்கம் வர்றதைப் பார்த்தேன். கால் தானா வலது பக்கம் போயிடுச்சு."

"தெரியும். எனக்கு நல்லாத்தான் கேட்டுச்சு."

"அங்கேயே சொல்லியிருக்கலாமேடா?"

அவன் பையின் வாயை முடிச்சுப் போட்டான்.

"நான் சொன்னா அது சாக்கு, நீமன். நீ சொன்னாத்தான் உண்மை. அதான் உன்னைப் பார்த்தேன்."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

நான் சொல்லியிருந்தால் எனக்கு ஒரு கழித்தல் விழுந்திருக்கும். அவ்வளவுதான். என்னை அனுப்பியிருக்க மாட்டார்கள். இது எனக்கு அப்போதே தெரியும். அறையில் உட்கார்ந்திருந்தபோதும் தெரியும்.

மாடிப் படிகளை இரண்டிரண்டாக ஏறினேன். ருட்னிக் பன்றி இறைச்சி சாண்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். ரோஸி, லூஸி, என் வாய், என் கால், எல்லாம்.

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"கூட நின்னவனுக்காகப் பழியை உன் தலையில தூக்கிப் போட்டுக்கிறியேடா" என்றார். "இருபது வருஷமா இந்த வேலையில இருக்கேன். உன்னை மாதிரி ஒருத்தனைப் பார்த்ததில்லை."

"இல்லை கோச், நிஜமாவே நான்தான்..."

"போதும். போய்ச் சாப்பிடு."

புதன்கிழமை பயிற்சிக்கு முன், மொத்த அணியையும் நிறுத்திவைத்து அந்தக் கதையைத் தன் பாணியில் சொல்லி, என்னைத் தடுப்பு வரிசைக்குக் கேப்டனாக்கினார்.

லூஷஸின் இடத்துக்கு அன்று காலைதான் வந்து சேர்ந்திருந்த புதியவன், எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினான்.