பிரசிடென்ட் அழுதார்

"நீங்க தன்பாலீர்ப்பாளர்னு வீட்ல சொன்னப்போ அம்மா என்ன சார் சொன்னாங்க?"

ஒரகடம் கம்பெனிகளுக்கு நடுவே இருக்கும் அந்த ஊரின் பிரசிடென்ட் திருமலைக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது.

"அத எலெக்சன் அப்பவே சொல்ட்டேன் மேடம். தெரிஞ்சுதான் ஊரே ஓட்டு போட்டுச்சு. இப்ப நான் உங்கள கூப்ட்டது..."

"அதுக்கு வரேன் சார்," என்றாள் டிவி நிருபர் மஞ்சுளா. "காதலர் இருக்காரா? கல்யாணம் எப்போ?"

"வந்த வேலையப் பாருங்க மேடம்!"

கத்தியவரின் கண்களிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"முகத்த மட்டும் க்ளோசப் எடு," என்று கேமராமேனிடம் கிசுகிசுத்தாள் மஞ்சுளா.

சாயங்காலமே செய்தி வந்துவிட்டது. 'மனதில் புதைத்த வலி! கதறி அழுத தன்பாலீர்ப்புத் தலைவர்!'

"இன்னாடா இது, டிவில அழுதுகினு கீற?" என்று அம்மா பதறினாள்.

"நான் எங்கம்மா அழுதேன்? பக்கத்துல கம்பெனிக்காரன் ரப்பர் கழிவக் கொளுத்திக்கினு இருந்தான். அந்தப் பொகையக் காட்டத்தான் அவங்களக் கூப்ட்டதே!"

திரையில் புகையே இல்லை. கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்த மஞ்சுளாவின் முகம் வந்தது. அதற்குக் கீழே எழுத்து ஓடியது:

'நெகிழ்ச்சியில் நம் செய்தியாளரும் கண்கலங்கினார்.'