உப்புப் பார்த்தவள்

மீன் துண்டை எந்தப் பக்கம் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு விரலால் தூக்கினாள். வழுக்கிக்கொண்டு தொட்டிக்குள் விழுந்தது.

நல்லவேளை, யாரும் பார்க்கவில்லை. அவன் கூடத்தில் சோபாவில் கண்ணை மூடிக் கிடந்தான்.

மறுபடி எடுத்தாள். இந்த முறை முழுக் கையால்.

அவள் சைவம். சாதாரணச் சைவம் இல்லை, வெள்ளிக்கிழமை என்றால் பூண்டுகூட அடுக்களைக்குள் வராத சங்கரன்கோவில் சைவம். கட்டிக்கொண்டதோ தூத்துக்குடிக் கடற்கரைக்காரனை. காதலுக்குக் கண் இல்லை என்பார்கள். மூக்கும் இல்லை போலிருக்கிறது.

கல்யாணமாகி இந்தச் சிங்கப்பூர் வீட்டுக்கு வந்த பிறகு அவன் ஒருநாளும் மீனை உள்ளே கொண்டு வந்ததில்லை. ஆசைப்பட்டால் வெளியே சாப்பிடுவான். வந்ததும் பல் தேய்த்துவிட்டுத்தான் அவளிடம் பேசுவான். அவள் சொல்லி அல்ல. அவனாக வைத்துக்கொண்ட வழக்கம்.

இப்போது வெளியே போவதும் இல்லை, சாப்பிடுவதும் இல்லை.

தொண்டையில் கட்டி. கதிர்வீச்சு முடிந்தது. புண்ணும் ஆறிவிட்டது. நாக்கில் ருசி மட்டும் திரும்பவில்லை.

எதைச் சமைத்து வைத்தாலும் "நல்லாருக்கு" என்பான். இரண்டு வாய் சாப்பிடுவான். பிறகு தட்டைத் தள்ளி வைப்பான். அந்த "நல்லாருக்கு" காதில் விழுந்தாலே அவளுக்கு அழுகை வருகிறது.

இன்னும் எடை குறைந்தால் மூக்கு வழியாகக் குழாய் போட வேண்டியதுதான் என்று இன்று காலை மருத்துவர் சொல்லிவிட்டார். சத்துணவு சொல்லித்தருகிற பெண், சால்மன் மீன் கொடுத்துப் பாருங்கள் என்றாள். மெத்தென்று இறங்குமாம். வேலைவிட்டு வந்துகூடச் சட்டென்று செய்துவிடலாமாம். ரொம்பச் சுலபமாம்.

சுலபம்தான். அவளுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

கைபேசியில் ஒருவர் செய்து காட்டினார். ஈரத்தை ஒற்றி எடு. உப்பும் மிளகும் தூவு. கனமான இரும்புச் சட்டியைக் காயவை.

வீட்டில் இரும்பு என்றால் ஒன்றே ஒன்றுதான். அம்மா சீரோடு கொடுத்த தோசைக்கல்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அம்மா கேட்டால் என்ன சொல்வது?

அம்மா சங்கரன்கோவிலில் இருக்கிறாள். கேட்கப் போவதில்லை.

கல்லை அடுப்பில் ஏற்றினாள். பழக்கதோஷம், அரை வெங்காயத்தால் ஒரு தேய்ப்பும் தேய்த்தாள்.

எண்ணெய் காய்ந்ததும் தோல் பக்கம் கீழே இருக்க மீனை வைத்தாள். சீறியது. வாடை எழும்பி முகத்தில் அடித்தது. துப்பட்டாவை மூக்குக்குக் கொண்டு போனவள் சட்டென்று இறக்கிவிட்டாள். கூடத்தில் இருப்பவன் பார்த்துவிட்டால் அவ்வளவுதான், வேண்டாம் என்றுவிடுவான்.

தானாக விடும்வரை தொடாதே என்றார் கைபேசிக்காரர்.

இதை அவர் சொல்லித் தர வேண்டியதில்லை. தோசையும் அப்படித்தானே. ஓரம் கிளம்பும்வரை கை சும்மா இருக்க வேண்டும்.

ஓரம் கிளம்பியது. திருப்பினாள். தோல் பொன்முறுகலாக வந்திருந்தது. கொஞ்சம் பெருமையாக இருந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது.

எலுமிச்சை பிழிந்தாள். அடுப்பை அணைத்தாள்.

உப்புதான் பிரச்சினை.

அவள் பிறந்த வீட்டில் சமைக்கிறவள் நாக்கில் வைத்துப் பார்க்கக் கூடாது. சாமிக்குக் காட்டுமுன் எச்சிலாகிவிடும். மூக்குதான் உப்புப் பார்க்கும். ஆவிக்கு நேரே குனிந்தால் போதும், குறைகிறதா கூடுகிறதா என்று தெரிந்துவிடும். குழம்போ கூட்டோ, இதுவரை அவள் மூக்கு தப்புச் சொன்னதில்லை.

குனிந்தாள்.

கடல் வாடை வந்தது. வேறொன்றும் வரவில்லை.

முதலில் தூவிய உப்பு உள்ளே இறங்கியதா? சந்தேகத்துக்கு ஒரு சிட்டிகை போட்டாள். மறுபடி குனிந்தாள். இவ்வளவு நாள் வழிகாட்டிய மூக்கு இன்றைக்குக் கைவிரித்துவிட்டது. இன்னொரு சிட்டிகை போட்டாள். எதற்கும் இருக்கட்டும் என்று அதற்கு மேலும் ஒன்று.

குழைந்த சோற்றோடு கொண்டுபோய் வைத்தாள்.

அவன் தட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். மறுபடி தட்டைப் பார்த்தான்.

"கோமு, இதெல்லாம் எதுக்கு?"

"சாப்பிடுங்க."

ஒரு விள்ளல் எடுத்து வாயில் வைத்தான். மெல்ல மென்றான். அவள் அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள். இறங்கியது.

இப்போது "நல்லாருக்கு" என்பான்.

"உப்பு தெரியுது" என்றான்.

அடுத்த விள்ளல் எடுத்தான். அதற்கு அடுத்ததும் எடுத்தான்.

அவளுக்கு நம்ப ஆசையாக இருந்தது. ஆனால் அவளுக்காகப் பொய் சொல்லிப் பழகியவன் இவன். அவள் கையாலேயே மீன் பொரித்துக் கொண்டுவந்து வைத்தால் வேறென்ன சொல்வான்?

தெரிந்துகொள்ள ஒரு வழிதான் இருந்தது.

அவன் தட்டிலிருந்து ஒரு துண்டு பிட்டாள். வாய்க்குப் போன அவன் கை பாதியிலேயே நின்றது.

கண்ணை மூடிக்கொண்டு போட்டுக்கொண்டாள்.

கரித்தது. நாக்கு சுருண்டுகொள்ளும்படி கரித்தது. மீன் என்ன ருசி என்று தெரிந்துகொள்ளக்கூட அந்த உப்பு விடவில்லை.

அவன் பொய் சொல்லவில்லை.

சந்தோஷத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. உப்பும் ஒரு காரணம்.

"என்ன, சரியா இருக்கா?" என்றான். அவன் முகத்தில் சிரிப்பைப் பார்த்து நாளாகிவிட்டது.

விழுங்கினாள்.

"நல்லாருக்கு" என்றாள்.

கடைசி விள்ளல் வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். பிறகு காலித் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய், கதவைச் சாத்திவிட்டு, சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தாள்.