ஜாபெஸைத் தேடும் மென்பொருள்

வாழவந்தி மலைக்கிராமத்துக்கு மேலே, காப்பி எஸ்டேட் ஆபீஸின் ஜன்னல் கண்ணாடியில் பனி ஈரமாக ஒட்டியிருக்கிறது. காப்பிப்பழ எடையைப் பதிவதற்கு ஜாபெஸ் எழுதிய மென்பொருள் இதுவரை அவனுடைய லேப்டாப்பில் மட்டும்தான் ஓடியது. கொண்டை ஊசி வளைவில் பைக் கவிழ்ந்து அவன் இறந்துபோனான். எந்தக் கம்ப்யூட்டரிலும் போனிலும் ஓடும்படி அதை இப்போது அவனுடைய இளவயது நண்பன் மாதேஷ் மாற்றிக்கொண்டிருக்கிறான். ஜாபெஸின் மனைவி ஆஷ்லின், கணவனின் ஸ்வெட்டருக்குள் கைகளை இழுத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறாள். புதுக் கம்ப்யூட்டரில் மறுபடியும் சிவப்பு எழுத்து வருகிறது: ‘ஜாபெஸ்: கிடைக்கவில்லை.’ “அண்ணன் அவரு பேர்ல இருக்கற ஃபோல்டரைத் தேடற மாதிரி எழுதியிருக்காருங்க்கா. வேற மிஷின்ல அது ஏதுங்க? அந்தப் பேரை எடுத்தாத்தான் எல்லாத்துலயும் ஓடும்,” என்கிறான் மாதேஷ். அவள் தலையசைக்கிறாள். ஒவ்வோர் எழுத்தாகப் பெயர் அழிகிறது. மென்பொருள் சட்டென்று திறந்துகொள்கிறது. மாதேஷின் போனிலும் திறக்கிறது. வெளியே தராசில் முதல் மூட்டை தொப்பென்று விழுகிறது. “பழசுல மட்டும் மாத்தாம உட்டுரு கண்ணு,” என்கிறாள் ஆஷ்லின். மூலையில் கிடந்த ஜாபெஸின் லேப்டாப்பை மடியில் வைத்துத் திறக்கிறாள். அது கொஞ்ச நேரம் தேடுகிறது. பிறகு பச்சை எழுத்து: ‘ஜாபெஸ்: இருக்கிறது.’ மூடிவிட்டு, மறுபடியும் திறக்கிறாள்.